எல்லோரும் கூப்பிட்டால் படகு எந்தப் பக்கம் வரும்?

பனையடிக் குப்பத்துக் கரைக்குரல் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கி, இந்தக் கருணாகரனைப் பேச விடலாமா வேண்டாமா என்று நேற்று மாலைவரை யோசித்து, விடாவிட்டால் இவன் கீழே நின்றே பேசுவான் என்ற ஞானம் பிறந்து, கடைசியில் மேடைக்கு அழைத்திருக்கிற தலைவர், அண்ணன் லோகநாதன் அவர்களே! துள்ளித் திரிகிற வயதில் தொண்டு செய்ய வந்திருக்கிற செயலாளர், தம்பி பகலவன் அவர்களே! பனியிலும் புயலிலும், கரையில் கொட்டிய கற்களின் நுனியான கல்முனையில் நின்று, காற்றைக் கிழித்துப் படகுகளைக் கரை சேர்க்கிற சங்கத்தின் குரல்களே! கூடையை இறக்கி வைத்த கையோடு வந்து மணலில் அமர்ந்திருக்கிற தாய்மார்களே! என் பேச்சை எத்தனை முறை கேட்டாலும் முகத்தில் ஒன்றும் காட்டாமல் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற புஷ்பவல்லி அக்கா அவர்களே! பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து வந்து, நாற்காலி காலியாக இருந்தும் உட்காராமல், ஐஸ் வண்டியோரம் நின்றுகொண்டிருக்கிற சகோதரி ரஹீமுன்னிசா அவர்களே, அவர் கணவர் சௌக்கத் அலி அவர்களே! ஒலிபெருக்கியின் தயவால் வீட்டில் குழம்பைக் கிளறிக்கொண்டே கேட்கிற பெருமக்களே! உங்கள் அத்தனை பேருக்கும், நம் அத்தனை பேருக்கும் சோறு போடுகிற அந்தக் கடலுக்கும் என் பணிவான வணக்கம்.

என்னப்பா அங்கே? "மாமு, சுருக்கமா முடி"யா? சுருக்கமாகப் பேசுகிறவன் வேண்டுமென்றால் மாதவரம் பேருந்து நிலையத்துக்குப் போ. "வண்டி எடுக்கப் போறோம்" என்று ஒரே வரியில் முடிப்பான். நான் இழுத்துத்தான் பேசுவேன். பள்ளிக்கூடத்தில் நான் படித்தது கொஞ்சம். துறைமுகத்தில் மூட்டை இறக்கிய காலத்தில், தொழிற்சங்கப் படிப்பகத்தில் நாளிதழை விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்து, தமிழை நானே இழுத்துப் பிடித்தவன். இழுத்துப் பிடித்ததை இழுத்துத்தான் பேச முடியும்.

சொந்தங்களே, நாளை போகி. வெளியூரிலிருந்து வந்திருக்கிற உறவினர்களுக்குப் போகி என்றால் பழைய பாய் எரிப்பதும் பிள்ளைகள் சின்ன மேளம் அடிப்பதும். நமக்கு என்ன? இந்தக் கரையில் உள்ளவனைக் கேளுங்கள். மார்கழிப் பனி ஏற்கெனவே கடல்மேல் படுத்திருக்கும். அதன்மேல் ஊரெல்லாம் எரிகிற டயரும் துணியும் சேர்ந்து புகையைப் போர்த்தும். கொடுங்கையூர்க் குப்பைமேட்டுப் புகையும் தன் பங்குக்கு எட்டிப் பார்க்கும். விடிந்துவிட்டது என்று கோழிக்குத் தெரியும், கடலில் இருக்கிறவனுக்குத் தெரியாது. வலது கையை நீட்டினால் விரல் எங்கே என்று இடது கையால் தேட வேண்டும். அந்த வெள்ளைக்குள்தான் நம் பிள்ளைகள் மீனோடு திரும்பி வருகிறார்கள்.

எங்கே வருகிறார்கள்? அகலமான துறைமுகத்துக்கா? இல்லை. கடல் ஊரைத் தின்னாமலிருக்கக் கரையெங்கும் கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்களே, அந்தக் கற்களுக்கு நடுவே இருக்கிற ஒரு சின்ன வாய்க்கு. இரண்டு படகு ஒன்றாக நுழைய முடியாத வாய். இந்தப் பக்கம் பிசகினாலும் கல், அந்தப் பக்கம் பிசகினாலும் கல்.

"அதான் ஜி.பி.எஸ். கீதே" என்கிறான் ஒரு தம்பி. கீது, நைனா, கீது. ஜி.பி.எஸ். உன்னைப் பனையடிக் குப்பத்துக்குக் கூட்டி வரும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் விடுமா? அலை உன்னைப் பக்கவாட்டில் தள்ளுகிற நேரத்தில் "இடது பக்கம் திரும்பு" என்று அந்தப் பெட்டி சொல்லி முடிப்பதற்குள் நீ திரும்பியிருப்பாய், தலைகீழாக.

அந்த நேரத்தில் நம்மைக் கரை சேர்ப்பது எது? ஒரு குரல். ஒரே ஒரு குரல்.

இன்னும் எனக்கு மெய்சிலிர்க்கிறது, தாய்மார்களே. எத்தனை மார்கழி பார்த்தவன் நான்! கல்முனையின் நுனியில் ஒருவர் நிற்பார். வெளியே வெள்ளைக்குள் படகுகள் இன்ஜினை அணைத்துவிட்டு மிதக்கும். ஒவ்வொரு படகும் துடுப்பால் தன் விளிம்பைத் தட்டும். டக், டக், டக். அந்தத் தட்டில் இது யார் படகு என்று கல்லில் நிற்கிறவருக்குத் தெரியும். எது வாய்க்கு நேராக இருக்கிறது, எது விலகி இருக்கிறது என்று தெரியும். பிறகு அவர் ஒரு பெயரைக் கூப்பிடுவார். "வா" என்று கூப்பிட மாட்டார். வா என்றால் எல்லாப் படகும் வந்துவிடும். பெயரைக் கூப்பிடுவார். அந்தப் பெயருக்குரிய படகு மட்டும், அந்தக் குரலைக் கயிறாகப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டவன் தாய் மடியை நோக்கி வருவது போல வாய்க்குள் வந்து மணலில் மூக்கை வைக்கும். அடுத்த பெயர் வரும்வரை மற்றப் படகுகள் வெளியே காத்திருக்கும். கரையில் ஊரே நிற்கும், ஒருவர் வாயும் திறக்காது. எந்தக் கோயிலில் பார்த்தேன் அப்படி ஓர் அமைதியை? எந்தத் தேவாலயத்தில் கேட்டேன் அப்படி ஒரு குரலை? மனிதக் குரலுக்கு இவ்வளவு வலிமை இருக்கிறது என்பதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. இந்தக் கல்லில் கண்டேன்.

அந்தச் சங்கத்துக்குத்தான் இன்று ஒரு தீர்மானம் வந்திருக்கிறது. நான் பேசி முடித்ததும் தம்பி பகலவன் படிப்பார். அவர் படிப்பதற்குமுன் நானே சொல்லிவிடுகிறேன். "குப்பத்தில் வீட்டுக்கு ஒருவர் இனிமேல் சங்க உறுப்பினர். குப்பத்துக்கு வெளியே பிறந்த எவரும் உறுப்பினராக முடியாது." அவ்வளவுதான். தம்பி நல்ல பிள்ளை, கெட்ட எண்ணம் இல்லை. சங்கத்தைப் பதிவு செய்தால் ஆரஞ்சுச் சட்டையும் அடையாள அட்டையும் கிடைக்கும் என்று யாரோ சொன்னார்கள். பதிவு செய்யப் பெயர்கள் நிறைய வேண்டுமாம். ஆகவே ஊருக்கெல்லாம் அட்டை.

உள்ளூரில் பிறந்தவனுக்குக் கதவே இல்லை. வெளியூரில் பிறந்தவனுக்கு வாசலே இல்லை. இது ஒரு சங்கத்தின் அமைப்பா, சொந்தங்களே? சொல்லுங்கள், இது சங்கமா, சத்திரமா, சாதிப் பஞ்சாயத்தா?

கைதட்டாதீர்கள். இன்னும் ஒன்றுமே சொல்லவில்லை.

இந்தச் சங்கம் ஏன் பிறந்தது என்று இளைஞர்களுக்குத் தெரியாது. ஒரு போகி விடியல். அப்போது எனக்கு மீசை கறுப்பு. நானும் தேசப்பனும் ஒரே படகில் வந்துகொண்டிருந்தோம். தேசப்பன் யார்? அதோ முன்வரிசையில் இருக்கிறாரே புஷ்பவல்லி அக்கா, அவருடைய கணவர். கடலைக் கரைத்துக் குடித்த மனிதர். வெள்ளை மூடியது. "கர்ணா, மெஷினை நிறுத்து" என்றார். நிறுத்தினேன். அப்போது கேட்டோம்.

என்ன கேட்டோம்? ஊரே கூப்பிட்டது! நாங்கள் வரவில்லையே என்ற தவிப்பில் கரை முழுக்கக் கூடி, அம்மா கூப்பிட்டார், அண்ணன் கூப்பிட்டார், கூடைக்காரர்கள் கூப்பிட்டார்கள், பிள்ளைகள் மேளம் அடித்தார்கள். வடக்கே இருந்து "ஏய் தேசப்பா!", தெற்கே இருந்து "இந்தப் பக்கம்டா!", கல்லில் மோதித் திரும்பிய குரல் பின்னால் கடலிலிருந்து "இந்தப் பக்கம்டா!" எங்களைச் சுற்றிக் கரை. எல்லாத் திசையிலும் கரை. அன்பு நாலா பக்கமும் நின்று கூப்பிட்டால் மனிதன் எங்கே போவான்?

அத்தனை குரலுக்கும் நடுவில் தேசப்பன் காதில் ஒரு குரல் விழுந்தது. கட்டிக்கொண்டவள் குரல். சிரித்தார். நான் பார்த்தேன், அந்த வெள்ளையிலும் அவர் பல் தெரிந்தது. "அது என் ஊட்டுக்காரி. அவ கீற எடம்தான் கரை" என்றார். அந்தப் பக்கம் திருப்பினார். புஷ்பவல்லி அக்கா அப்போது நின்றது எங்கே? வாயில் இல்லை. எட்டிப் பார்க்கிற ஆவலில் கற்குவியலின் மேல் ஏறி நின்றிருந்தார். படகு அந்தக் குரலுக்கு நேராகப் போனது. கல்லுக்கும் நேராகப் போனது.

நான் பிழைத்தேன். தேசப்பன் பிழைக்கவில்லை.

அக்கா, மன்னியுங்கள். இன்று சொல்லித்தான் ஆக வேண்டும். அது உங்கள் பிழையில்லை என்று ஊர் ஆயிரம் தடவை சொல்லிவிட்டது.

காரியம் முடிந்த மறுநாள் இந்த அம்மா என்ன செய்தார் தெரியுமா? மூலையில் உட்கார்ந்து அழுதாரா? வீடு வீடாகப் போனார். ஒவ்வொரு வாசலிலும் ஒரே பேச்சு: "இனிமே படகு வர்றப்ப யாரும் கத்தாதீங்க. யாரு கத்தினா தெச தெரியுதோ அவங்க மட்டும் கூப்புடட்டும். அந்தக் கூட்டத்துல நான் வர மாட்டேன். ஆனா கூட்டம்னு ஒண்ணு இருக்கணும்." அப்படித்தான் பிறந்தது கரைக்குரல் சங்கம். இது சேர்ப்பதற்காகப் பிறந்த சங்கமில்லை, ஐயா. வடிகட்டுவதற்காகப் பிறந்த சங்கம். ஊர் முழுவதும் கூப்பிட்டதால் ஒருவரை இழந்தோமே, அதனால் பிறந்த சங்கம். அதில் இன்று ஊர் முழுவதையும் உறுப்பினராக்குகிறேன் என்கிறீர்களே, தம்பி! அட்டை வாங்கியவன் சும்மா இருப்பானா? ஆரஞ்சுச் சட்டை போட்டவன் கல்லில் ஏறாமல் விடுவானா? நாளைக் காலை வீட்டுக்கு ஒரு குரல் கூப்பிட்டால், படகு எந்தப் பக்கம் வரும்?

சேர்ப்பதற்கு ஒரு தேர்வு வைத்தார்கள். நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். வெளியே ஒரு படகில் சிலரைத் துண்டால் கண்ணைக் கட்டி உட்கார வைப்பார்கள். படகைச் சுற்றிச் சுற்றி விட்டுத் திசையை மறக்கடிப்பார்கள். கல்முனையில் ஆள் கூப்பிடுவார். கண் கட்டியவர்கள் குரல் வந்த பக்கம் கை நீட்ட வேண்டும். கை சரியாக நீண்டால் உள்ளே. இல்லையென்றால் வெளியே. கவுன்சிலர் மச்சான் வந்தார், வெளியே. சாமியாடுகிறவர் வந்தார், வெளியே.

கருணாகரன் வந்தான். வெளியே!

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். படகில் இருந்து உயிர் பிழைத்தவன் நான். அந்தக் கல்லில் முதலில் நிற்க உரிமை எனக்குத்தான் என்று மார்தட்டிப் போனேன். மேடையில் பேசினால் இரண்டு தெரு தாண்டிக் கேட்கிற தொண்டை இது. கூப்பிட்டேன். கண் கட்டியிருந்தவர்களில் ஒருவர் வடக்கே எண்ணூரைக் காட்டினார். ஒருவர் தெற்கே ராயபுரத்தைக் காட்டினார். இதோ தலைமை ஏற்றிருக்கிறாரே அண்ணன் லோகநாதன், இவர் நேராக வானத்தைக் காட்டினார்! என் குரல் பெரிது, ஆனால் கல்லில் பட்டுச் சிதறுகிறதாம். கேட்கிறது, எங்கிருந்து என்று தெரியவில்லையாம். அடுத்த வருடமும் போனேன். அதற்கடுத்த வருடமும் போனேன். எத்தனை முறை என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் அண்ணன் சொல்வது ஒன்றுதான்: "கர்ணா, நீ பேசு. கூப்புடாதே."

இன்றும் சொல்கிறேன், அண்ணா, முதல் முறை காற்று மாறிவிட்டது. நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. நான் விடப்போவதில்லை. என் மனக்குறை என்னோடு சுடுகாடு வரை வரும்.

யாரது? "அந்தக் காண்டுலதான் மாமு இப்ப பேசுது" என்பது? சரியாகப் போச்சு. கடுப்பு இருக்கிறதுதான். ஆனால் கேள். என்னை வெளியே நிறுத்திய அந்தச் சங்கத்தின் குரலுக்குத்தான் இத்தனை வருடமாக என் மகன் வெற்றி உயிரோடு திரும்பி வருகிறான். என்னை இவர்கள் இரக்கப்பட்டு உள்ளே விட்டிருந்தால்? பெரியவர், பாவம், ஆசைப்படுகிறார் என்று ஒரு நாள் கல்லில் நிற்க வைத்திருந்தால்? என் பெருமைக்கு ஒரு சால்வை கிடைத்திருக்கும். யார் வீட்டில் ஒப்பாரி கேட்டிருக்கும்? அதை நினைத்தால் இந்தக் கண்டிப்புக்கு முன்னால் என் கோபம் கைகட்டி நிற்கிறது.

வலை பின்னுகிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. வலைக்கண் பெரிதாக இருந்தால் மீன் ஓடிவிடும். கண் சின்னதாக இருந்தால் குஞ்சும் குப்பையும் சேர்ந்து வந்து வலையே கிழியும். எந்த மீனுக்குப் போகிறோம் என்று தெரிந்துதான் கண் பின்ன வேண்டும். சங்கமும் அப்படித்தான். எதற்குச் சங்கம்? அதைக் கேட்டுவிட்டு வடிகட்டு. படகைக் கூப்பிடுவதற்குச் சங்கமா? குரலைப் பார். குரலைத் தவிர வேறு எதையும் பார்க்காதே! எந்தத் தெரு என்று பார்க்காதே, எந்தச் சாமி என்று பார்க்காதே, சேலையா வேட்டியா என்று பார்க்காதே. குரலில் மட்டும் இம்மியும் விட்டுக் கொடுக்காதே!

இப்போது தட்டுங்கள். இது தட்ட வேண்டிய இடம்.

அந்தச் சகோதரி விஷயத்துக்கு வருகிறேன். ரஹீமுன்னிசாவை உங்களுக்குத் தெரியும். மீன் இறங்குதளத்தில் ஐஸ் உடைக்கிற இயந்திரம் வைத்திருக்கிறார்கள், அவரும் கணவரும். இயந்திரம் போடுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவன் பேசுவது கேட்காது. அந்தச் சத்தத்துக்கு மேலே, எந்தப் படகுக்கு ஐஸ் தயார் என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான் அவர் வேலை. விடிந்தால் அடைந்தால் நம் படகுகளின் பெயர்தான் அவர் வாயில்.

இந்த மார்கழியில் அந்தப் பனிக் காலை நினைவிருக்கிறதா? கூப்பிடுகிறவர்களில் ஒருவர் மகள் வீட்டுக்குப் போயிருந்தார், மற்றவர்கள் காய்ச்சலில் படுத்திருந்தார்கள். அண்ணன் லோகநாதன் மட்டும் கல்லில். அவருக்கும் தொண்டை கட்டியிருந்தது, மனிதர் சொல்லவில்லை. வெளியே டக், டக், டக் என்று படகுகள் தட்டுகின்றன. அவற்றில் ஒன்று என் மகனுடையது. அண்ணன் வாயைத் திறக்கிறார். காற்றுதான் வருகிறது.

கரையில் ஊரே நிற்கிறது. எல்லோருக்கும் வாய் துடிக்கிறது. கூப்பிட்டால் கொலை, கூப்பிடாவிட்டாலும் கொலை. நான் என் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். உள்ளே "வெற்றி, வெற்றி" என்று என் நெஞ்சு கத்துகிறது. பெற்றவனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை உண்டா?

பனிக் காலையில் படகு கரை சேரும்வரை ஐஸ் இயந்திரமும் ஓடாது. அதன் பக்கத்திலிருந்து இந்த அம்மா முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, கல்மேல் நடந்து வந்தார்.

"இன்னாண்ணே, தொண்ட போச்சா?"

அண்ணன் தலையை ஆட்டினார்.

"நான் கூப்புடட்டா? திட்ட மாட்டியே?"

அண்ணன் தள்ளி நின்று இடம் கொடுத்தார். அந்த அம்மா உடனே கூப்பிட்டுவிடவில்லை. கேட்டார். பனிக் காலைகளில் கேட்டுப் பழகிய தட்டுகளைக் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு கூப்பிட்டார்: "வெற்றீ!"

தாய்மார்களே, நான் என்ன சொல்வேன்? அது பெரிய குரலில்லை. என் குரலில் பாதிகூட இல்லை. ஆனால் நூல் பிடித்தது போல ஒரே நேராகப் போயிற்று. வெள்ளைத் துணியில் ஊசி நுழைவது போலப் போயிற்று. பனியும் புகையும் கல்லும் அந்தக் குரலைத் தொடவில்லை. எந்த வித்தை அது? யார் கொடுத்தது? நான் கேள்வி கேட்டே வளர்ந்தவன், எதற்கும் அசராதவன். அன்று வாயைப் பொத்திய கையாலேயே கும்பிட்டேன். வெள்ளைக்குள்ளிருந்து முதலில் ஒரு மூக்கு வந்தது, பிறகு படகு வந்தது, பிறகு என் பிள்ளையின் முகம் வந்தது. அடுத்த பெயர். அடுத்த படகு. அத்தனையும் வந்து சேர்ந்தன. கடைசிப் படகு மணலைத் தொட்டதும் அந்த அம்மா செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, "யோவ், ஐஸ் உருகுது, எவனாவது வந்து பொட்டியத் தூக்குங்கடா" என்று போய்விட்டார்.

அதன்பிறகு முறைப்படி தேர்வும் வைத்தார்கள். சலுகை எதுவும் கொடுக்கவில்லை. கண் கட்டியிருந்த அத்தனை கைகளும் ஒரே பக்கம் நீண்டன, ஓலை முழுவதும் ஒரு காற்றுக்குச் சாய்வது போல. அங்கே நின்றிருந்த சௌக்கத் அலி என்ன சொன்னார் தெரியுமா? "இதுக்குப் பரீட்ச எதுக்கு நைனா? வூட்டு வாசல்ல நின்னு இவ கூப்புட்டா நான் தண்டையார்பேட்டைலேர்ந்தே திரும்பி வந்துருவேன்."

சிரிப்புதான். ஆனால் மறுவாரம் சங்கம் கூடியது. சேர்க்கவில்லை. தம்பி பகலவன் போய்ச் சொன்னார்: "யக்கா, நீ சூப்பராதான் கூப்புட்ட. ஆனா நீ நம்ம குப்பம் இல்லியே." அந்த அம்மா கேட்ட கேள்வி இன்னும் இந்தக் கடற்கரையில் நிற்கிறது:

"படகு இன்னா தம்பி, ரேஷன் கார்டு பாத்துட்டா வருது?"

பதில் சொல்லுங்கள்! தலைவர் சொல்லட்டும். செயலாளர் சொல்லட்டும். "அவங்க பொம்பள" என்று இங்கே ஒரு குரல் கேட்கிறது. அட அறிவாளி, இந்தச் சங்கத்தை ஆரம்பித்தது யார்? ஆம்பளையா? "அவங்க வேற ஆளுங்க" என்கிறாயா? அந்தக் காலையில் படகில் இருந்த பிள்ளைகள் கரைக்கு வந்த பிறகு, வேற ஆள் கூப்பிட்டதுக்கு வந்துட்டோமே என்று திரும்பக் கடலுக்குப் போனார்களா?

தம்பி பகலவா, உன் சட்டைப்பையில் இருக்கிற அட்டைகளில் மேலே இருப்பது யாருடையது? வெட்கப்படாமல் காட்டு. என்னுடையது. என் படம் ஒட்டி, "உறுப்பினர்" என்று அச்சடித்து, இந்த மேடையில் சால்வையோடு கொடுப்பதாகத் திட்டம். என் வாயை அடைக்க என்று நான் சொல்லமாட்டேன். பாசத்தால் செய்திருக்கிறாய். ஆசை இல்லையா எனக்கு? இருக்கிறது, அப்பா. அந்தச் சொல்லுக்காக எத்தனை வருடம் கல்லில் நின்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன்! ஆனால் அந்த அட்டையை நான் தொட மாட்டேன். தேறாதவன் கழுத்தில் தொங்கினால் அது என்ன மரியாதை? தேறியவர் ஐஸ் வண்டியோரம் நிற்க, தோற்றவன் மேடையில் சால்வை வாங்கினால், நாளை எந்தப் பிள்ளை அந்தக் குரலை நம்பி இன்ஜினை அணைப்பான்?

அண்ணன் லோகநாதன் அவர்களே! உங்கள் சங்கத்தில் எனக்கு வாக்குரிமை இல்லை. நான் உறுப்பினர் இல்லை. கேட்க மட்டுமே முடியும். இன்னும் கொஞ்ச நேரத்தில் படகுகள் கிளம்பும். என் மகனும் போகிறான். நாளை போகிப் புகையில் திரும்பி வருவான். உங்கள் தொண்டை இன்னும் ஆறவில்லை, நீங்கள் வெந்நீர் குடித்துக்கொண்டே தலைமை ஏற்றிருப்பதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நாளை கல்லில் நிற்பது யார்? பதில் தெரியாமல் நான் இந்த ஒலிபெருக்கியை விடப் போவதில்லை. மின்சாரத்தை நிறுத்தினாலும் நிற்பேன். என் பிடிவாதம் உங்களுக்குத் தெரியும்.

மணியடிக்காதே, தம்பி. அடித்தாலும் இறங்க மாட்டேன்.

என்ன? என்ன அங்கே சலசலப்பு? வீட்டில் இருந்து கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். புஷ்பவல்லி அக்கா எழுந்துவிட்டார். வழி விடுங்கள். மேடைப் பக்கம் வரவில்லை. கூட்டத்துக்கு நடுவே ஐஸ் வண்டியை நோக்கிப் போகிறார். போய்விட்டார். ரஹீமுன்னிசாவின் கையைப் பிடித்திருக்கிறார். அந்த அம்மா "வேணாம்க்கா, வுடுக்கா" என்று பின்வாங்குகிறார். அக்கா விடவில்லை. அழைத்து வருகிறார். சங்கத்துக் குரல்கள் உட்கார்ந்திருக்கிற வரிசைக்கே அழைத்து வருகிறார். ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டு, தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். தலைவரை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

எழுந்து நிற்கிறீர்களே, அண்ணா. சத்தமாகச் சொல்லுங்கள், தொண்டை வராவிட்டால் என் காதில் சொல்லுங்கள், நான் ஊருக்குச் சொல்கிறேன். பெரிய குரல் அதற்காவது உதவட்டும்.

கேளுங்கள், சொந்தங்களே! தலைவர் சொல்கிறார்: தீர்மானம் திரும்பப் பெறப்படுகிறது. அட்டை வேண்டுகிறவர்கள் கல்லில் ஏறித் தேறிவிட்டு வாங்கிக்கொள்ளலாம். நாளைக் காலை கல்முனையில் நிற்கப் போவது ரஹீமுன்னிசா. சங்கத்து வரிசையில் அத்தனை கையும் உயர்கிறது. தம்பி பகலவனும் உயர்த்திவிட்டார். நீ நல்ல பிள்ளை என்று நான் முன்பே சொன்னேன்.

இன்னொன்றும் சொன்னார். "கர்ணா, அன்னிக்குக் காத்து மாறல" என்றார். அதை நான் ஏற்கவில்லை. குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள்.

இனி நமக்கு, உறுப்பினர் இல்லாத நமக்கு, ஊர் முழுவதற்கும் ஒரு வேலை இருக்கிறது. கடைசிப் படகு மணலைத் தொடும்வரை பனையடிக் குப்பத்தில் ஒரு டயரும் எரியக் கூடாது. ஒரு மேளமும் முழங்கக் கூடாது. மகன் வரவில்லையே என்று மனம் பதறினாலும் ஒரு வாயும் திறக்கக் கூடாது. கூப்பிடத் தெரிந்தவர் சிலர்தான். கூப்பிடாமல் இருக்க நாம் அத்தனை பேரும் வேண்டும். அது சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். பெற்ற பிள்ளையின் பெயரை நெஞ்சுக்குள் அடக்கி வைத்துப் பாருங்கள், தெரியும்.

இவ்வளவு நேரம் என்னைப் பொறுத்துக்கொண்ட தலைவருக்கும், சிரித்தவர்களுக்கும், சீண்டியவர்களுக்கும், மணலில் கால் மரத்துப் போக அமர்ந்திருந்த தாய்மார்களுக்கும் நன்றி. நாளை விடியலில் நானும் கரையில் இருப்பேன். உங்களோடு, கூட்டத்தில் ஒருவனாக, வாயை மூடிக்கொண்டு நிற்பேன்.

வணக்கம்.